ஆர்ம் லிஃப்ட் ஆபரேஷன்: மலையிலிருந்து போறவங்க எதையெல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்?

மலைத்தேன், கோத்தகிரி

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நீலகிரிப் பக்கமிருந்து யாராவது ஆர்ம் லிஃப்ட், அதாவது மேல்கையில தொங்குற தோலை வெட்டி எடுக்கிற ஆபரேஷன், பண்ணிக்கிட்டவங்க இருந்தா கொஞ்சம் விவரம் சொல்லுங்க.

எடை குறைப்பு ஆபரேஷன் பண்ணி ஒன்றரை வருஷம் ஆகுது. சுகர் மாத்திரை நின்னுபோச்சு. டானிங்டன்ல பஸ் இறங்கி வீட்டு ஏத்தத்தை மூச்சு வாங்காம ஏறுறேன். அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா மேல்கை ரெண்டுலயும் தோல் மடிஞ்சு தொங்குது. ஜாக்கெட் தைக்கிற அக்கா நோட்டுல மார்புச் சுத்து 34, கைச் சுத்து 16ன்னு எழுதிட்டு, சந்தேகத்துல மறுபடியும் டேப் வச்சுப் பாக்கிறாங்க. மழை மாசத்துல ஸ்வெட்டருக்குள்ள ஈரம் நின்னு உள்கை மடிப்பு சிவந்து புண்ணாகுது. பவுடர் போட்டா அங்கயே கட்டி கட்டியா நிக்குது. "ஊரே ஸ்வெட்டர் போட்டிருக்கு, உன் கையை யார் பாக்கப் போறா"ங்கிறாங்க வீட்ல. குளிக்கும்போது நான் பாக்கிறேனே.

கோயமுத்தூர்ல ஒரு டாக்டரைப் பார்த்தேன். அக்குள்ல இருந்து முழங்கை வரைக்கும் வடு விழும்னு சொன்னார். அதுக்கு மேல என்ன கேக்கணும்னே தோணல. அடுத்த தடவை கேள்வியை எழுதி எடுத்துட்டுப் போகணும்னு இருக்கேன். வடு எப்படி இருக்கும், எவ்வளவு நாள் கையைத் தூக்கக்கூடாது, ஆபரேஷன் முடிஞ்சு எப்ப மலை ஏறி வரலாம், இன்சூரன்ஸ் வருமா?

கேத்திப் பையன்

அக்கா, கத்தி எல்லாம் எதுக்கு? எங்க ஜிம் மாஸ்டர் தினமும் டம்பெல் போட்டா ஆறு மாசத்துல கை இறுகிடும்னு சொல்றார். அதை முதல்ல முயற்சி பண்ணிப் பாருங்க.

சிஸ்டர்_உதகை

தம்பி அன்பாத்தான் சொல்றீங்க, ஆனா மலைத்தேன் கேக்கிற விஷயத்துக்கு அது பொருந்தாது. நான் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டுல ரொம்ப வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டம்பெல் தூக்கினா தசை வளரும், உள்ள இருக்கிற கொழுப்பும் கொஞ்சம் குறையலாம். அறுபது எழுபது கிலோவை வருஷக்கணக்கா மூடி இழுபட்டு நின்ன தோல், உள்ள இருந்தது கரைஞ்ச பிறகு தானா சுருங்காது. தோலோட நார் அறுந்து போயிருக்கும். வெளியில இருந்து சூடு குடுக்கிற மெஷின் எல்லாம் லேசான தளர்ச்சிக்கு ஓரளவு உதவும். கையை நீட்டினா கீழ ஆடுற அளவுக்குத் தோல் இருந்தா, அதை வெட்டி எடுக்கிறது தவிர வேற வழி கிடையாது.

மலைத்தேன், உங்க டாக்டர் வடுவை முதல்லயே சொன்னார் பாருங்க, அது நல்ல அடையாளம். இந்த ஆபரேஷன்ல நீங்க பண்றது ஒரு பண்டமாத்து: தொங்கிற தோலைக் குடுத்துட்டு ஒரு நீள வடுவை வாங்கிக்கிறீங்க. அந்த வடு போகவே போகாது. முதல் மாசங்கள்ல செவந்து, தடிச்சு, அரிப்போட இருக்கும். ஒரு வருஷம், சில பேருக்கு ஒன்றரை ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் வெளுத்து அடங்கும். முகத்துல வர்ற தையல் மாதிரி மெல்லிசா இருக்காது. மேல்கைத் தோல் மெல்லிசு, எந்நேரமும் இழுபடும், அதனால வடு அகலமாகிறது இந்த இடத்துல சாதாரணம். இதை மனசார ஏத்துக்கிட்டாதான் அடுத்த கேள்விக்கே போகணும்.

வெட்டு எந்த இடத்துல வரும்னு கேளுங்க. சில பேர் உள்கையோட நடுப் பள்ளத்துல போடுவாங்க, கையைத் தொங்கவிட்டு நின்னா தெரியாது. சில பேர் கொஞ்சம் பின்னால தள்ளிப் போடுவாங்க, முன்னால இருந்து பார்த்தா தெரியாது, பின்னால நிக்கிறவங்களுக்குத் தெரியும். தளர்ச்சி அக்குள் பக்கத்துல மட்டும் இருந்தா அங்கயே சின்ன வெட்டோட முடிப்பாங்க. அது கொஞ்ச பேருக்குத்தான் சரிவரும். நிறைய எடை குறைஞ்சவங்களுக்கு அக்குளைத் தாண்டி விலாப் பக்கம் வரைக்கும் போக வேண்டி வரும். அக்குள்ல நேர்கோடா வெட்டினா ஆறும்போது சுருங்கி, கையைத் தூக்கவிடாத பட்டை மாதிரி இழுக்கும், அதனால அங்க மட்டும் வளைச்சு வளைச்சு வெட்டுவாங்க. இதை பேனாவால உங்க கையிலயே வரைஞ்சு காட்டச் சொல்லுங்க. கண்ணாடி முன்னால நின்னு, கையைத் தொங்கவிட்டும் தூக்கியும் பாருங்க.

குன்னூர் வாசகி

நான் பண்ணிக்கிட்டவ. இப்ப வடு வெளுக்க ஆரம்பிச்சிருக்கு. பண்ணினதுல எனக்கு சந்தோஷம்தான். இருந்தாலும் யாரும் எனக்குச் சொல்லாத சில விஷயம் இருக்கு, அது மலையில இருக்கிறவங்களுக்குத்தான் ரொம்ப முக்கியம்.

முதல்ல கை. வயித்துல ஆபரேஷன்னா கையால வேலை பார்க்கலாம். கால்ல ஆபரேஷன்னா உக்காந்து காய் நறுக்கலாம். இது ரெண்டு கையிலயும் ஒரே நேரத்துல. தலை வார முடியாது. ஜாக்கெட் பின் ஹூக் போட முடியாது. குக்கரைத் தூக்கி இறக்க முடியாது. எங்க வீட்ல வெந்நீரைப் பாத்ரூமுக்கு வாளியில தூக்கிட்டுப் போகணும், அதுக்கே ஒரு ஆள் வேணும். மேல் அலமாரியில இருக்கிற டீத்தூள் டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினேன், அக்குள்ல சுருக்குன்னு இழுத்துச்சு பாருங்க, அன்னைக்கே எல்லா டப்பாவையும் மேடைக்கு இறக்கச் சொல்லிட்டேன். கொடியில துணி போடுறது, பரண்ல இருந்து விறகு எடுக்கிறது, பேரப்பிள்ளையைத் தூக்கிறது, ஒண்ணும் கூடாது. எனக்கு நாலு வாரம் தோளுக்கு மேல கையைத் தூக்காதீங்க, ஆறு வாரம் கனம் தூக்காதீங்கன்னு சொன்னாங்க. அதனால ஆபரேஷன் தேதி வாங்கிறதுக்கு முன்னாடி, அந்த ஆறு வாரம் வீட்டு வேலையை யார் பாக்கிறாங்கன்னு பேசி முடிச்சுடுங்க. "பாத்துக்கலாம்"னு சொல்ற வாக்கு போதாது. மாமியாரா, தங்கச்சியா, சம்பளத்துக்கு ஆளா, பேர் தெரியணும்.

அடுத்தது துணி. தலைவழியா மாட்டுற ஸ்வெட்டர் எதுவும் ஆகாது. முன்னால பட்டன் வச்ச லூஸ் ஸ்வெட்டர், முன்னால ஜிப் வச்ச நைட்டி, இதுதான். ஆஸ்பத்திரியில கைக்கு இறுக்கமா ஒரு ஸ்லீவ் குடுப்பாங்க, நாலு வாரத்துல இருந்து ஆறு வாரம் வரைக்கும் ராத்திரி பகலா போடணும். ஒரு ஜோடி போதாது. குன்னூர் மூட்டத்துல துவைச்சுப் போட்டா மறுநாளும் ஈரமாத்தான் இருக்கும். ஈரத்தோட போட்டுக்கிட்டா தோல் வெந்து போகும். ரெண்டு ஜோடி வாங்குங்க. கம்பளி நேரா வடு மேல உரசினா அரிப்பு தாங்காது, உள்ள ஒரு பருத்தித் துணி வேணும்.

பஸ். நின்னுட்டு வர்ற பஸ்ல ஏறவே ஏறாதீங்க. பர்லியாறு தாண்டினா வளைவுக்கு வளைவு மேல் கம்பியைப் பிடிக்காம நிக்க முடியாது. அந்தக் கம்பியைப் பிடிக்கிறதுதான் இந்தத் தையலுக்கு முதல் எதிரி.

பச்சைக்கொழுந்து

குன்னூர் அக்கா, நான் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறேன். எனக்கு எடை எல்லாம் குறையல, வயசுல தோல் தளர்ந்து போச்சு. மக கட்டாயப்படுத்துறா. எவ்வளவு நாள்ல வேலைக்கு வரலாம்?

சிஸ்டர்_உதகை

அம்மா, ஆபீஸ்ல உக்காந்து எழுதுறவங்க ரெண்டு வாரத்துல போயிடுவாங்க. உங்க வேலை அப்படி இல்ல. காலையிலிருந்து ரெண்டு கையும் முன்னால நீட்டி ஆடிக்கிட்டே இருக்கணும், கொழுந்து மூட்டையைத் தலையிலயோ முதுகிலயோ எடை போடுற இடம் வரைக்கும் தூக்கணும். ஆறு வாரத்துக்கு முன்னால நினைக்கவே வேண்டாம். அதுக்கப்புறமும் முதல் மாசம் மூட்டை தூக்கிறதை வேற ஒருத்தர் கிட்ட குடுக்க முடியுமான்னு கங்காணி கிட்ட முன்னாடியே பேசிடுங்க. கூலி இல்லாம அந்த ஆறு வாரம் வீடு ஓடுமான்னு கணக்குப் போட்டுப் பாருங்க. மகளோட ஆசைக்காக மட்டும் பண்ணாதீங்க. உங்களுக்கு வேணும்னு உங்களுக்கே தோணினா மட்டும் பண்ணுங்க.

இன்னொண்ணு, வெயில். மலையில குளிருது, அதனால வெயில் சுடலன்னு நாம நினைக்கிறோம். உயரம் போகப் போக புற ஊதாக் கதிர் கூடும், ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல இருக்கு. புது வடு மேல அந்த வெயில் பட்டா கருத்துப் போகும், சில பேருக்கு அப்புறம் மாறாது. ஒரு வருஷம் முழுக்கை ரவிக்கைதான்.

கல்லாறு

எங்க சொந்தத்துல ஒரு பொண்ணுக்கு நடந்தது. கீழ ஒரு இடத்துல காலையில ஆபரேஷன், சாயந்திரமே வீட்டுக்குப் போலாம்னு அனுப்பிட்டாங்க. ராத்திரி இடது கை மட்டும் கல்லு மாதிரி வீங்கி வலி பொறுக்க முடியல. உள்ள ரத்தம் கசிஞ்சு தேங்கியிருக்கு. மழை, மரம் விழுந்து ரோடு மறிச்சுக் கிடந்தது. ரெண்டு மணி நேரம் வண்டிக்குள்ளயே உக்காந்திருந்தாங்க. கடைசியில கீழ போய்ச் சேர்ந்து, தையலைப் பிரிச்சு ரத்தத்தை எடுத்தாங்க. இப்ப நல்லா இருக்கா. மலையில இருக்கிறவங்களை அன்னைக்கே ஏத்தி அனுப்புறது தப்புன்னு நான் உறுதியாச் சொல்வேன்.

சிஸ்டர்_உதகை

கல்லாறு சொல்றது ரொம்ப முக்கியம். இப்படி ரத்தம் தேங்குறது பெரும்பாலும் முதல் ஒண்ணு ரெண்டு நாள்லதான் வரும். ஒரு கை மட்டும் திடீர்னு வீங்கி, இறுகி, வலி ஏறிக்கிட்டே போனா அது அவசரம், காலையில பாத்துக்கலாம்னு விடக்கூடாது. அதனால கோவையில சொந்தக்காரங்க வீடோ, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு அறையோ எடுத்து, குறைஞ்சது முதல் டிரஸ்ஸிங் மாத்திற வரைக்கும், முடிஞ்சா ஒரு வாரம் கீழயே இருங்க. சில பேருக்கு உள்ள ஊறுற நீர் வெளியேற மெல்லிய டிரெயின் குழாய் வைப்பாங்க. அதை எடுக்கிறதுக்கு முன்னால மலை ஏறாதீங்க. குழாய் எடுத்த பிறகும் நீர் தேங்கலாம், கை லேசாக் குலுங்கிற மாதிரி ஒரு இடம் உப்பும். ஊசியால உறிஞ்சி எடுத்துடுவாங்க, அதுக்கு ரெண்டு மூணு தடவை போக வேண்டி வரலாம். இந்த வீக்கம் ரத்தக் கசிவு மாதிரி அவசரம் இல்ல, ஆனா விட்டுவிடவும் கூடாது.

அக்குள் பக்கத்துல தையல் கொஞ்சம் பிரியறது அடிக்கடி நடக்கும். இழுபடுற இடம், வேர்வை நிக்கிற இடம். டிரஸ்ஸிங் போட்டே பெரும்பாலும் ஆறிடும், கொஞ்சம் பொறுமை வேணும். காய்ச்சல், சீழ், கெட்ட வாடை, சிவப்பு பரவுறது, இதெல்லாம் இருந்தா போன்ல படம் அனுப்பிட்டுக் காத்திருக்காம நேரா போங்க. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, இது கால் ரத்தக் குழாய்ல ரத்தம் உறைஞ்சதோட அறிகுறியா இருக்கலாம். அப்ப உங்க பிளாஸ்டிக் சர்ஜனைத் தேடாதீங்க, 108ஐக் கூப்பிட்டுப் பக்கத்துல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. அது வராம இருக்கத்தான் ஆபரேஷன் அன்னைக்கு சாயந்திரமே எழுந்து நடக்கச் சொல்றது. கைதான் ஆடக்கூடாது, கால் ஆடணும்.

குன்னூர் வாசகி

மாசமும் பார்த்துக்குங்க. நம்ம குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகையிலதான் மண் சரியும். கூடலூர், பந்தலூருக்கு ஆடி மழை. ஏப்ரல், மே சீசன்ல மேட்டுப்பாளையம் ரோட்டுல வண்டி நகராது, கையைத் தலகாணி மேல வச்சுக்கிட்டு அந்த நெரிசல்ல உக்காந்திருக்கணும். தை மாசிதான் நல்லது. பனி இருந்தாலும் ரோடு திறந்திருக்கும். வேர்வையும் இல்ல, ஸ்லீவ் போட்டுக்கச் சுகம். வெளியூர் டாக்ஸி புடிச்சு ஏறி வந்தா அதுக்கு இ-பாஸ் வேணும், நம்ம டிஎன் 43 வண்டின்னா அந்த வேலை இல்ல. வளைவுல வாந்தி வர்ற ஆளா இருந்தா முன்னாடியே டாக்டர் கிட்டச் சொல்லுங்க, வாந்தியில உடம்பு குலுங்கினா கையும் குலுங்கும்.

கூடலூரான்

எங்க பக்கம் மைசூர் போறவங்க கவனிக்க: பந்திப்பூர் காட்டு வழி ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் மூடல். ஆம்புலன்ஸ் விடுவாங்க, சொந்த வண்டி நிக்கும். அதனால "ராத்திரி ஏதாவதுன்னா கார் எடுத்துட்டுப் போயிடலாம்"ங்கிற கணக்கு அந்த ரோட்டுல செல்லாது.

சிஸ்டர் கிட்ட ஒரு கேள்வி. எங்க வீட்ல அம்மா வழியில சிக்கிள் செல், அதான் பரம்பரையா வர்ற ரத்த அணு நோய், உண்டு. எனக்கு நோய் இல்ல, ஆனா பாதி இருக்குன்னு சின்ன வயசுல கார்டு குடுத்தாங்க. இந்த மாதிரி ஆபரேஷனுக்கு அதைச் சொல்லணுமா?

சிஸ்டர்_உதகை

கட்டாயம் சொல்லணும் தம்பி, கேட்டதுக்கு நன்றி. இந்தியாவுல சிக்கிள் செல் முதன்முதல்ல 1952இல் பதிவானதே நம்ம நீலகிரிப் பழங்குடி மக்கள் கிட்டதான். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் நிறைய குடும்பத்துக்கு இந்தக் கார்டு இருக்கு. நோய் இருக்கிறவங்களுக்கு ஆக்சிஜன் குறைஞ்சாலும், உடம்புல தண்ணி வத்தினாலும், குளிர் தாக்கினாலும் ரத்த அணு வளைஞ்சு குழாயை அடைக்கும். ஆபரேஷன் தியேட்டர் குளிரு, வெறும் வயிறு, மயக்கம் எல்லாம் அதுக்குத் தோது. பாதி இருக்கிறவங்க பெரும்பாலும் சாதாரணமாத்தான் இருப்பாங்க. இருந்தாலும் மயக்க மருந்து டாக்டருக்குத் தெரிஞ்சா உடம்பு குளிராம, தண்ணி குறையாமப் பார்த்துக்குவார். கார்டைக் கையில கொண்டு போங்க. உறவுல யாருக்காவது இருந்து நீங்க பரிசோதிக்கலன்னா முன்னாடியே ரத்தம் குடுத்துப் பாருங்க.

மயக்க மருந்து டாக்டர் கிட்ட மறைக்கவே கூடாத இன்னும் சில: புகையிலை எந்த ரூபத்துல இருந்தாலும். பீடி மட்டும் இல்ல, வாயில அடக்கிறதும்தான். நிகோடின் தோலுக்குப் போற ரத்தத்தைச் சுருக்கிடும், வெட்டின ஓரம் கருத்து அழுகும். முன்னால நாலு வாரம், பின்னால நாலு வாரம் அறவே கூடாது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை. அதை நீங்களா நிறுத்தாதீங்க, இதய டாக்டரைக் கேட்டு நிறுத்தணும். எடை குறைய வாரம் ஒரு ஊசி போடுறவங்க, செமாக்ளூடைட், டிர்செப்படைட் எதுவா இருந்தாலும் சொல்லணும். அது வயித்துல சாப்பாட்டை நேரம் கழிச்சு இறக்கும், பட்டினி இருந்தாலும் மயக்கத்துல வாந்தி மேலேறி நுரையீரலுக்குள்ள போகலாம். சுகருக்கு டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிட்டா மூணு நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க. சுகரோட மூணு மாச சராசரி கட்டுப்பாட்டுல இல்லன்னா நல்ல டாக்டர் தேதியே குடுக்க மாட்டார்.

மலைத்தேன், உங்களுக்குன்னு தனியா: எடை குறைப்பு ஆபரேஷன் ஆனவங்களுக்கு இரும்புச் சத்து, பி12, புரதம் எல்லாம் குறைவா இருக்கலாம். கையில புண் ஆறணும்னா புரதம் வேணும். ஹீமோகுளோபினோட இதையும் சேர்த்துப் பாருங்க. எடை குறைஞ்சது ஆறு மாசமாவது ஒரே அளவுல நிக்கணும். இன்னும் குறைஞ்சுக்கிட்டு இருக்கும்போது வெட்டினா மறுபடியும் தொங்கும். கர்ப்பம் தரிக்கிற யோசனை இருந்தா அதுக்கப்புறம் வச்சுக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

ஏலக்காய்

கோவையில ஒரு இடத்துல "கொழுப்பு உறிஞ்சினாலே கை சின்னதாயிடும், வடு இல்ல"ன்னு போன்ல விளம்பரம் வருது. பாதி செலவுதான் ஆகுமாம். அது எப்படி?

சிஸ்டர்_உதகை

தோல் இறுக்கமா இருந்து உள்ள கொழுப்பு மட்டும் இருந்தா அது சரி. மலைத்தேன் மாதிரி தோல் காலியாத் தொங்கினா, உறிஞ்சின பிறகு இன்னும் தொங்கும். நீங்களே பாத்துக்கலாம்: கையை மடக்கித் தோளளவுக்குத் தூக்கி, கீழ தொங்குறதைக் கிள்ளிப் பாருங்க. தடிமனா, கெட்டியா இருந்தா கொழுப்பு. மெல்லிசா, ரெண்டு விரலுக்கு நடுவுல தோல் மட்டும் வந்தா, உறிஞ்ச ஒண்ணும் இல்ல. ரெண்டும் கலந்து இருந்தா ரெண்டையும் சேர்த்துப் பண்ணுவாங்க.

விளம்பரத்துல யார் கத்தி புடிக்கிறாங்கன்னு போட மாட்டாங்க. நேராக் கேளுங்க. எம்பிபிஎஸ், எம்எஸ்க்கு மேல பிளாஸ்டிக் சர்ஜரியில எம்.சிஎச் அல்லது டிஎன்பி முடிச்சவரா? தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டா குடுக்கணும். அந்தப் பேரை வெப்சைட்ல போட்டுப் பாருங்க. "அழகு சிகிச்சை நிபுணர்"னு போர்டுல எழுதுறதுக்குப் படிப்பு வேண்டியதில்ல. மயக்கம் குடுக்கிறது யாரு, அவர் முடியிற வரைக்கும் கூடவே இருப்பாரா, ராத்திரி டூட்டி டாக்டர் உண்டா, ரத்த வங்கி பக்கத்துல இருக்கா? அவர் பண்ணின கைகளோட படம் காட்டச் சொல்லுங்க. ஒரு மாசம் ஆன படம் வேண்டாம், ஒரு வருஷம் ஆன வடுவோட படம் வேணும். வடு சரியா வராதவங்க படமும் ஒண்ணு ரெண்டு கேளுங்க. எடுத்துக் காட்டுறவரை நம்பலாம்.

கணக்குப்பிள்ளை, வெலிங்டன்

இன்சூரன்ஸ் கேள்விக்கு நான் சொல்றேன், அதுதான் என் தொழில். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா கம்பெனிக்கும் ஒரே மாதிரி வச்சிருக்கிற விலக்குப் பட்டியல்ல 8ஆவது, தோற்றத்தை மாத்திற சிகிச்சை. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு சீரமைக்கிறதுன்னா பணம் வரும். உடம்புக்கு நேரடியா உடனடி ஆபத்து இருக்கு, அதை நீக்க இது தேவைன்னு சிகிச்சை பாக்கிற டாக்டர் சான்று குடுத்தாலும் கேக்கலாம். மடிப்புல புண் வருதுங்கிறது அந்த அளவுக்குப் பெரும்பாலும் ஏறாது. ஆனாலும் தோல் டாக்டர் கிட்ட காட்டின சீட்டு, மருந்துச் சீட்டு, புண் இருந்தப்ப எடுத்த படம் எல்லாத்தையும் சேர்த்து வைங்க. ஆபரேஷனுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு, எழுத்துல பதில் வாங்குங்க.

மருத்துவத்துக்கு ஜிஎஸ்டி இல்லன்னு எல்லாரும் நினைக்கிறோம். அழகு சிகிச்சைக்கு அந்த விலக்கு கிடையாது, 18 சதவீதம். பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் இதனால கெட்ட உறுப்பைச் சரி பண்றதுக்கு மட்டும்தான் விலக்கு. அதனால "பேக்கேஜ்"னு ஒரு தொகை சொன்னா, வரி சேர்த்தா சேர்க்காமயான்னு கேளுங்க. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், அறை, ஸ்லீவ், டிரஸ்ஸிங், திரும்ப வர்ற நாட்கள், எல்லாம் பிரிச்சு எழுதி வாங்குங்க. வடுவைத் திருத்த மறுபடியும் உள்ள போனா யார் செலவு? இதை யாரும் கேக்கிறதில்ல, ஆனா கேக்க வேண்டிய கேள்வி. கீழ தங்கிற வாடகையும், கூட இருக்கிறவர் சாப்பாடும், டாக்ஸியும் நம்ம கணக்குல சேரும்.

மலைத்தேன், கோத்தகிரி

இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நினைக்கலங்க, ரொம்ப நன்றி. சிஸ்டர், எனக்கு ரெண்டாவது தடவை காது குத்தின இடத்துல புடைச்சு ஒரு கட்டி மாதிரி நிக்குது. அது ஏதும் பிரச்சினையா?

சிஸ்டர்_உதகை

அதை டாக்டர் கிட்டக் காட்டாம நீங்க தேதி வாங்கவே கூடாது. காது குத்தின இடம், அம்மைத் தடுப்பூசி போட்ட இடம், சிசேரியன் தையல், இதுல எதுவாவது புடைச்சு, காயத்தோட எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்தா அது கீலாய்டா இருக்கலாம். நம்ம நிறத்துத் தோலுக்கு அது வர்ற வாய்ப்பு அதிகம். கைமுழுக்க நீளமா ஒரு கீலாய்டு வந்தா, தொங்கின தோலை விட அது பெரிய துன்பம், அரிக்கும், வலிக்கும். சிலிக்கான் ஷீட், ஸ்டீராய்டு ஊசின்னு வழி இருக்கு, ஆனா முழுசாப் போகும்னு யாரும் உறுதி குடுக்க முடியாது. உங்க காதுல இருக்கிறது கீலாய்டா, வெறும் தடிச்ச தழும்பான்னு அவர் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். முதல் தடவை குத்தின இடம், எடை குறைப்பு ஆபரேஷன்ல வயித்துல போட்ட சின்னச் சின்ன துளைத் தழும்பு எப்படி ஆறியிருக்குன்னும் காட்டுங்க. உங்க தோல் எப்படி ஆறும்ங்கிறதுக்கு அதுவே சாட்சி.

கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால இன்னொண்ணும் தெரிஞ்சிருக்கணும். முழங்கைக்கு மேல உள்பக்கமா தோலுக்கு உணர்ச்சி தர்ற ஒரு நரம்பு ஓடுது. அது வெட்டுப் பட்டாலோ தையல்ல சிக்கினாலோ முன்கையோட உள்பக்கம் மரத்துப் போகும், சில பேருக்கு எரியும். விரல் வேலை செய்யும், பிடி குறையாது, ஆனா சூடு தெரியாம அடுப்புல சுட்டுக்குவாங்க. பல பேருக்கு மாசக்கணக்குல திரும்பி வரும், சில பேருக்கு அப்படியே நின்னுடும்.

அரவங்காடு

என் தங்கச்சி ரெண்டு டாக்டர் கிட்டக் கேட்டுட்டு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டா. அவளுக்கு வடுதான் காரணம். லேசான துணியில தைச்ச முக்கால் கை ஜாக்கெட் போட்டுக்கிறா, மடிப்புக்குப் பூஞ்சை மருந்து தோல் டாக்டர் குடுத்திருக்கார், புண் அடங்கிடுச்சு. பண்ணிக்கிட்டவங்க மாதிரியே பண்ணிக்காதவங்களும் நல்லாத்தான் இருக்காங்கன்னு இங்க ஒருத்தர் சொல்லணும்னு எழுதினேன்.

குன்னூர் வாசகி

உங்க தங்கச்சி எடுத்தது முழு முடிவுங்க. நான் வடுவை ஏத்துக்கிட்டேன், அவங்க தோலை ஏத்துக்கிட்டாங்க. ரெண்டு பேருமே தெரிஞ்சு பண்ணியிருக்கோம்.

மேல்குந்தா

சிஸ்டர், நான் கொஞ்சம் தயங்கித்தான் கேக்கிறேன். எனக்கு நாலு வருஷம் முன்னாடி வலது மார்புல புற்றுநோய் ஆபரேஷன் ஆச்சு. இப்ப ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டுறேன், நல்லா இருக்கேன். கை தொங்குறது ரெண்டு பக்கமும் இருக்கு. எனக்கும் இதைப் பண்ணலாமா?

சிஸ்டர்_உதகை

தயங்க வேண்டாம்மா, கேட்டது ரொம்ப நல்லது. மார்புப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் பண்ணும்போது பல பேருக்கு அக்குள்ல இருக்கிற நிணநீர்க் கணுக்களையும் எடுத்திருப்பாங்க, ரேடியேஷனும் குடுத்திருக்கலாம். அந்தக் கையில நீர் திரும்பிப் போற வழி ஏற்கெனவே குறைஞ்சிருக்கும். அதே கையில இவ்வளவு நீள வெட்டு போட்டா மிச்சம் இருக்கிற வழியும் அறுபட்டு, கை நிரந்தரமா வீங்கிற ஆபத்து உண்டு. அந்த வீக்கம் வந்தா வாழ்நாள் முழுக்க ஸ்லீவும் பராமரிப்பும் வேணும். அதனால பல சர்ஜன்கள் அந்தப் பக்கத்துக் கையைத் தொட மாட்டாங்க. இடது கைக்கு இந்தத் தடை இல்ல, ஆனா ஒரு கை மட்டும் பண்ணினா உங்களுக்குத் திருப்தியா இருக்குமான்னு நீங்கதான் சொல்லணும்.

முதல்ல உங்க புற்றுநோய் டாக்டர் கிட்டக் கேளுங்க, அவர் சரின்னா மட்டும் பிளாஸ்டிக் சர்ஜன். ரெண்டு பேர் கிட்டயும் போகும்போது அப்ப குடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் எடுத்துட்டுப் போங்க, எத்தனை கணு எடுத்தாங்கன்னு அதுல எழுதியிருக்கும். இப்பவே வலது கை மோதிரமோ வளையலோ இறுக்கமாத் தெரிஞ்சா, சாயந்திரத்துல கை கனமா இருந்தா, ஆறு மாசம் வரைக்கும் காத்திருக்காம அதை இந்த வாரமே போய்க் காட்டுங்க.